பன்னிரண்டாவது கையெழுத்து

காகிதத்தில் பன்னிரண்டு கட்டங்கள். பதினொன்று நிரம்பிவிட்டன. இன்னும் ஒன்று நிரம்பினால் திங்கட்கிழமை காலை ஆகாசம் மறுபடியும் கிரேனில் ஏறலாம். நிரம்பிய பதினொன்றில் முதல் மூன்று கையெழுத்து ஆகாசம் தானே போட்டுக்கொண்டது. விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவுதான் மனுஷனை வாரக்கணக்காகப் பாடாய்ப் படுத்துகிறது.

ஆகாசம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, இரும்பையும் குழாயையும் பூப்போலத் தூக்கி வைக்கிறவரை வேலையிடத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, ஏணிக்குப் பக்கத்தில் நீட்டிய, குடியைக் கண்டுபிடிக்கிற மெஷினில் ஊதினார். மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. அன்றைக்கே கீழே இறக்கிவிட்டார்கள். பெயர் மட்டும் இறங்கவில்லை. "ஆகாசம், அந்த வாளியக் கொஞ்சம் நகத்து" என்று நேற்று வேலைக்கு வந்தவன் சொல்லும்போது காது இரண்டும் எரியும்.

பாதுகாப்பு அதிகாரி சின்ன வயசுக்காரர்தான், ஆனால் கறார். "வேலைய விட்டுத் தூக்கல. கீழ நின்னு சுமை கட்டுங்க. குடிய விட்டவங்க கூட்டம் நடத்தறாங்க, பன்னெண்டு வாரம் போங்க. ஒவ்வொரு வாரமும் கையெழுத்து வாங்குங்க. அப்புறம் ஏறலாம்" என்று காகிதத்தையும் ஒரு போன் நம்பரையும் கொடுத்தார்.

அந்த நம்பரைக் கூப்பிடுவதற்குள் ஆகாசத்துக்கு வியர்த்துவிட்டது. எடுத்தது ஒரு பெண் குரல். பெயர் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மூணு மணி. டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவுல ஒரு படி போகும். போர்டு கிடையாது. முதல் படியில பச்சை வாளி ஒண்ணக் கவுத்து வெச்சிருப்போம். வாளி இருந்தா கூட்டம் இருக்கு, ஏறி வாங்க."

போனார். வாளி இருந்தது. இருபது மாடி ஏறுகிற மனுஷனுக்கு அந்தப் பதினான்கு படி ஏறக் கால் வரவில்லை. எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை வாசலில், யாரையோ எதிர்பார்த்து நிற்கிற மாதிரி ஒரு மணி நேரம் நின்றார். பிறகு காகிதத்தைச் சுவரில் வைத்து, முதல் கட்டத்தில் வாயில் வந்த பெயருக்கு ஒரு கிறுக்கல் போட்டார். கையெழுத்துப் போட்ட கையோடு நேராக மதுக்கடைக்குப் போய்க் குடித்தார். இரண்டாவது ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு ஜெராக்ஸ் கடை வரைக்கும்கூடப் போகவில்லை. கடையில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டார். பாவி மனுஷன், கிளாசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அதற்கு மறுநாள்தான் குழாய் விழுந்தது.

அவரும் மச்சினனும்தான் கீழே கட்டு வேலை. மச்சினன் மனைவியின் தம்பி. இந்த வேலையில் சேர்த்துவிட்டதே ஆகாசம்தான். ஒரு கட்டு இரும்புக் குழாய். இரண்டு இடத்தில் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஆகாசத்தின் கை நடுங்கியது. இரண்டாவது பெல்ட்டைச் சுற்றினார், கொக்கியில் மாட்டினாரா என்று அவருக்கே நினைவில்லை. ஆள் உயரம் போவதற்குள் கட்டு சாய்ந்து, அத்தனை குழாயும் சடசடவென்று கொட்டியது. யார் தலையிலும் விழவில்லை. விழுந்திருக்கலாம்.

"யார் கட்டினது?" என்று அதிகாரி ஓடி வந்து கேட்டபோது, ஆகாசம் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். "நான் சார். கை தவறிடுச்சு." மெஷினை நீட்டினார்கள். மச்சினன் ஊதினான். சுழியம். குடியில்லை, வெறும் கவனக்குறைவு என்று எழுதி, சுமை கட்ட அனுமதிக்கிற அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அவனை வாசல் கேட்டில் லாரி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிற வேலையில் போட்டார்கள்.

சாயங்காலம் ஆகாசம் கேட்டார். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீங்கன்னு தெரிஞ்சா தூக்கிருவாங்க மாமா. நேத்துதான கூட்டத்துக்குப் போயிட்டு வந்தீங்க, மூணு கையெழுத்து ஆயிடுச்சு. கை நடுங்கறது விட்ட புதுசுல எல்லாருக்கும் இருக்குமாம். ஒரு கை தவறினதுக்குப் போய் எல்லாத்தையும் கெடுத்துக்கணுமா?"

ஆகாசம் மென்று முழுங்கினார். வேறென்ன செய்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினான்கு படியையும் ஏறினார். அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அதில் பொய்யே இல்லை.

மாடியில் ஒரு நீள அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் டீ கேன். ஒரு பஸ் டிரைவர், ஒரு பல் டாக்டர், இன்னும் ஏழெட்டுப் பேர். நடத்துகிறவர் டெய்லரக்கா. போனில் பேசியது அவர்தான். பதினாறு வருஷம் தையல் மெஷினுக்கு அடியில் பாட்டில் வைத்திருந்தவர், நாலு வருஷமாக இல்லை. அங்கே முறை ஒன்றுதான்: ஒருத்தர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, பேசி முடித்த பிறகும் கேள்வி கேட்கக் கூடாது. "சொன்னதுக்கு நன்றி" என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், அடுத்த ஆள். ஆகாசம் முதல் கிளாசைப் பற்றிச் சொன்னார், அப்பாவைப் பற்றிச் சொன்னார், மனைவி ஒரு வருஷம் பேசாமல் இருந்ததைச் சொல்லி அழுதார். அந்தத் திங்கட்கிழமை மட்டும் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். யாரும் கேட்கவும் இல்லை.

வாரா வாரம் காகிதத்தை நீட்டுவார். டெய்லரக்கா மேலே இருக்கிற மூன்று கிறுக்கலையும் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் கீழே தன் கையெழுத்தைப் போடுவார். அது ஆகாசத்துக்கு வசதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பன்னிரண்டாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள் அதிகாரி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நான் குடுத்த நம்பர எங்கயோ வெச்சுட்டேன். கடைசிக் கையெழுத்தோட அவங்க போன் நம்பரும் எழுதி வாங்கிட்டு வாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு நானே பேசிக் கேட்டுக்கறேன்."

மறுநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் இறங்கும்வரை ஆகாசம் நாற்காலிகளை அடுக்குகிற சாக்கில் நின்றார். டெய்லரக்கா பன்னிரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, நம்பரையும் எழுதினார்.

"அக்கா, நாளைக்கு எங்க ஆபீசர் பேசுவாரு. பன்னெண்டு வாரமும் வந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நான் ஒன்பதுதான போட்டிருக்கேன்."

"மேல மூணு..."

"அது யார் போட்டதுன்னு நான் இதுவரைக்கும் கேக்கல. கேக்கறது இங்க வழக்கம் இல்ல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"சொல்ற மாதிரி இருந்தா சொல்லியிருக்க மாட்டேனாக்கா? ஒரே ஒரு வார்த்தை. என் பொழப்பே அதுல இருக்கு."

டெய்லரக்கா பேனாவை மூடினார். "அவங்க கேக்காம விட்டா நான் வலியப் போய்ச் சொல்லப் போறதில்ல. கேட்டா ஒன்பதுன்னுதான் சொல்லுவேன். நான் பதினாறு வருஷம் குடிச்சதே வாய்க்கு வாய் பொய் சொல்லித்தான். இப்ப இன்னொரு பொய்ய என் வாயில கொண்டுவந்து வெக்காதீங்க."

"ஒன்பது வாரம் குடிக்காம இருக்கேன், அது உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுது. அதத்தான் சொல்லுவேன்னு சொல்றேன்."

ஆகாசத்துக்கு வந்த கோபத்தில் அடுக்கிய நாற்காலியை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. நல்லவேளை, உதைக்கவில்லை. படியிறங்கி, வாளியைக்கூடப் பார்க்காமல், தெருவில் விறுவிறுவென்று நடந்தார். என்ன பெரிய யோக்கியம், என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே போனார். கால் தன்பாட்டுக்குப் பழைய தெருவில் திரும்பி, கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. உள்ளே கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது. வாடை வந்தது. நாளைக்கு எப்படியும் மாட்டிக்கொள்ளத்தான் போகிறோம், இன்றைக்கு ஒன்று குடித்தால் என்ன போயிற்று என்று மனசு நியாயம் பேசியது. அந்த நேரத்தில் மனசு மாதிரி வக்கீல் கிடையாது.

கூப்பிட அவரிடம் இருந்தது ஒரே நம்பர். கூப்பிட்டார்.

"எங்க நிக்கறீங்க?" என்றார் டெய்லரக்கா.

"கடை வாசல்ல."

"சரி. போன வெக்காதீங்க. பேசிக்கிட்டே திரும்பி நடங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் இங்க வரப்போறேன்?"

"திட்டுங்க. திட்டிக்கிட்டே நடங்க."

திட்டினார். முக்கால் மணி நேரம் நடந்தார். திட்டித் தீர்ந்த பிறகு டெய்லரக்கா பேசினார்: ஒரு சட்டைக் காலரைத் தப்பாக வெட்டிய கதை, அளவெடுக்க வந்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற தொப்பைக்காரர் கதை. வீட்டுக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ஆனால் ஒன்பதைப் பன்னிரண்டாக்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டே ஆகாசம் செருப்பைக் கழற்றினார்.

வீட்டில் மனைவி அவருடைய கிரேன் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மச்சினன் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டும் ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

"பாத்துக்கோடா. குடிச்சுக் கெட்ட மனுஷனே திரும்பி மேல ஏறப் போறாரு. நீ பச்சைத் தண்ணியத் தவிர எதையும் தொடாதவன், ஒரு கட்டு ஒழுங்காக் கட்டத் தெரியல. கேட்ல கட்டை தூக்கற."

மச்சினன் சிரித்தான். "மாமா ஏறட்டும்க்கா. அப்புறம் மெதுவா சார் காதுல போட்டு என் அட்டைய வாங்கிக் குடுப்பாரு. இல்ல மாமா?"

"ம்" என்றார் ஆகாசம்.

திங்கட்கிழமை. கன்டெய்னரை வெட்டி ஆபீஸ் ஆக்கியிருந்தார்கள். உள்ளே மேஜை, மின்விசிறி, சுவரில் சாவிகள். அதிகாரி காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மேல மூணும் வேற கையெழுத்தா இருக்கே?"

"மாறி மாறி நடத்துவாங்க சார்." எவ்வளவு லகுவாக வந்தது பாருங்கள். ஒன்பது வாரம் உண்மை பேசிப் பழகிய அதே வாய்.

அதிகாரி போனை எடுத்து நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். மணி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் குரல் 'ஒன்பது' என்று சொல்வது ஆகாசத்தின் காதில் விழுந்தது. அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவை போட்டார். அங்கே தையல் கடையில் நாலு மெஷின் ஓடுகிற சத்தத்தில் போன் கேட்டிருக்காது. எடுக்கவில்லை.

வெளியே கம்பி லாரி இரண்டு வரிசையில் நின்று ஹாரன் அடித்தது. கிரேன் ஓட்ட வந்திருந்த தற்காலிக ஆள் வெள்ளிக்கிழமையோடு போய்விட்டான். அதிகாரி வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பன்னெண்டு இருக்கு, போதும்" என்று முத்திரையை எடுத்துக் குத்தினார். மெஷினை நீட்டினார். ஆகாசம் ஊதினார். சுழியம். சாவி கைக்கு வந்துவிட்டது.

இப்படியும் ஒருத்தனுக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா? அடித்தது. ஏணியடிக்கு நடந்துபோகும்போது ஆகாசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

பின்னாலேயே மச்சினன் ஓடி வந்தான். கேட்டை வேறொருத்தனிடம் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். "இருங்க மாமா, பெல்ட்ட நான்தான் மாட்டி விடுவேன்." தோளில் வாரைப் போட்டான், இடுப்பில் கொக்கியை மாட்டினான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். பின்னால் போய் இன்னொரு தடவை இழுத்தான். "ம், சரியா இருக்கு. ஏறுங்க."

ஆகாசம் ஏணியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு கால் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, வைத்த காலையும் எடுத்தார்.

"அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன்டா."

மச்சினன் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. "என்னைக்கு?"

"குழாய் விழுந்த அன்னைக்கு. அதுக்கு முந்தின நாள் கூட்டத்துக்குப் போகல. அந்த மூணு வாரமும் போகல. மூணு கையெழுத்தும் நான் போட்டது."

மச்சினன் பெல்ட்டில் வைத்திருந்த கையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி அதைப் பார்த்தான்.

"வாடை வந்துச்சு மாமா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். "உங்க பக்கத்துலதான நின்னேன். வந்துச்சு. கூட்டத்துக்குப் போயிட்டு வந்த மனுஷன் மேல எப்படி வாடை வரும்னு என் மூக்கத்தான் சந்தேகப்பட்டேன்."

ஆகாசம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா அன்னைக்கே கேட்டா. அவருக்காக நீ பழிய ஏத்துக்கிட்டியான்னு. அவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன், இல்லவே இல்லன்னு."

"தெரியும். நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன்."

மச்சினன் அவரை நிமிர்ந்து பார்த்தான். ஒரு அடி அடித்திருந்தால் ஆகாசம் தாங்கியிருப்பார். அவன் அடிக்கவில்லை. திரும்பிக் கேட்டைப் பார்த்து நடந்தான். பாதி தூரத்தில் நின்று, திரும்பாமலே சொன்னான். "போய் சார்கிட்ட சொல்லுங்க. நான் கட்டலன்னும் சேத்துச் சொல்லுங்க."

சொன்னார். பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கன்டெய்னருக்குள் போய், சாவியை மேஜைமேல் வைத்து, முதல் ஞாயிற்றிலிருந்து குழாய் விழுந்தது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். மாறி மாறி நடத்துவார்கள் என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். இங்கே "சொன்னதுக்கு நன்றி" என்று யாரும் சொல்லவில்லை. அதிகாரி முத்திரை குத்திய காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். கிழித்தது போதாமல் இன்னும் இரண்டாகக் கிழித்தார்.

"ஒருத்தன் தலையில விழுந்திருந்தா?"

"விழுந்திருக்கலாம் சார்."

"இனிமே இந்த இடத்துல நீங்க மேல ஏற முடியாது. கீழயாவது வெச்சுக்கறதா வேணாமான்னு நான் பெரியவங்களக் கேட்டுத்தான் சொல்லணும். அந்தப் பையன வரச் சொல்லுங்க, அட்டை குடுக்கணும்."

வெளியே வந்தார். கேட்டுக்குப் போய், "சார் கூப்பிடறாரு, உன் அட்டை" என்றார். மச்சினன் கையுறையைக் கழற்றிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனான். தாண்டும்போது சொன்னான்: "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவகிட்ட இன்னொரு தடவ என்னைப் பேச வெக்காதீங்க." மாமா என்கிற வார்த்தை அதில் இல்லை. பதினொரு வருஷத்தில் அவன் அந்த வார்த்தை இல்லாமல் அவரிடம் ஒரு வாக்கியம் பேசியது இதுதான் முதல் தடவை.

ஆகாசம் குழாய்கள் அடுக்கியிருக்கிற பக்கம் ஒதுங்கிப் போனை எடுத்தார். மனைவி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க, மேலேருந்தா பேசறீங்க? காத்து சத்தம் கேக்குதே."

"இல்ல. கீழேருந்துதான்."

"ஏன், இன்னும் ஏறலயா?"

"ஏறல. நீ கொஞ்சம் உக்காரு."

"என்னன்னு சொல்லுங்க, பயமா இருக்கு."

"உன் தம்பிக்குக் கட்டத் தெரியலன்னு தினம் திட்டற இல்ல. அன்னைக்கு அந்தக் குழாயக் கட்டினது அவன் இல்ல. நான். குடிச்சிட்டுக் கட்டினேன்."

மறுபக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளா என்று போனைப் பார்த்தார். வைக்கவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக்கொண்டு, அவள் பேசும்வரை நின்றார்.